எந்த எறும்பின் தாய்

அரிமளத்துக்குத் தெற்கே இருந்த மாந்தோப்பை விட்டு நாங்கள் இரண்டு மைல் வந்திருப்போம். முன்னால் தோப்புக் காவல்காரர் தன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பின்னால் நான், என் துணிமூட்டையோடு. குழந்தையின் கையில் ஒரு மருந்துப் பாட்டில் இருந்தது. அதற்குள் ஒரு எறும்பு.

குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். இழுப்பு. முதல் நாள் கோடை மழை பெய்து ஓய்ந்த பிறகு ஆரம்பித்தது, விடிந்தும் நிற்கவில்லை. மூச்சை இழுக்கும்போது ஒரு விசில், விடும்போது ஒரு விசில். விடுகிற விசில்தான் நீளம். பின்னால் நடந்து வந்த எனக்கு அதைக் கேட்காமல் இருக்க வழி இல்லை. கொஞ்சம் பின்தங்கி நடந்து பார்த்தேன். அப்போதும் கேட்டது. பிறகு பின்தங்குவதை விட்டுவிட்டேன்.

அவர்களோடு போகவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. காய்ப்பறிப்பு முடிந்திருந்தது. மரம் ஏறுகிறவனுக்கு அதற்கு மேல் தோப்பில் சோறு கிடையாது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, வைத்தியர் வீடு வரைக்கும் கூட வாங்க. புடிச்சது நீங்க. கேட்டா சொல்லணும்ல" என்றார் காவல்காரர். அந்த வயதில் எனக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டையைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தபோது நான் செங்கல் சூளையில் இருந்தேன். யார் ஆட்சி போய் யார் வந்தார்கள் என்பது சூளைக்குள் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

எறும்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமரத்து இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பை முசுறு என்போம். காய் பறிக்க ஏறுகிறவன் கை காலெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் ஏறுவான். அப்படியும் விடாது. கடித்துப் பிடித்துக்கொண்டு, கடித்த இடத்திலேயே எரிகிற தண்ணீரைப் பீச்சும். சளி பிடித்து மூக்கு அடைத்தால் ஒரு பிடி முசுறைக் கசக்கி மோந்து பார்ப்போம். கண்ணில் தண்ணீர் கொட்டும், மூக்கு திறந்துகொள்ளும். நானே பல தடவை செய்திருக்கிறேன்.

பொங்கல் சமயத்தில் அந்தக் குழந்தைக்கு இழுப்பு வந்தபோது, டவுன் போகிற வழியில் இருந்த ஒரு நாட்டு வைத்தியர், "தாய் முசுறு ஒண்ணு கொண்டாங்க. மிளகு, திப்பிலி சேத்து அரைச்சுத் தாரேன். அடியோட நின்டுரும்" என்று சொல்லியிருந்தார். சாதாரண முசுறு மூக்கைத் திறக்கிறது என்றால் அதன் தாய் நெஞ்சையே திறக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து காவல்காரர் கூடு கூடாகப் பிரித்துப் பார்த்தார். முட்டை இருந்தது, வெள்ளைப் புழு இருந்தது, இறக்கை முளைத்தது கூட இருந்தது. தாய் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தாய் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது. அவர் முகமும் கழுத்தும் கடிபட்டுக் கடிபட்டுத் தடித்துப்போயிருந்தன.

அன்று காலையில் மரத்தடியில் காயப்போட்டிருந்த என் துண்டை உதறினேன். ஒன்று விழுந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிது. வயிறு புடைத்திருந்தது. முதுகில் ஒரு இறக்கை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றது உதிர்ந்த இடம் தெரிந்தது. நிறம்தான் புதிது. வெந்த வெண்டைக்காய் போலப் பழுப்பு கலந்த பச்சை. பச்சை எறும்பை நான் அதுவரை பார்த்ததில்லை. கூப்பிட்டுக் காட்டினேன். காவல்காரர் குனிந்து பார்த்தார். பிறகு குடிசைக்குள் ஓடிப் போய் ஆஸ்பத்திரியில் கொடுத்த மிக்ஸர் பாட்டிலை எடுத்து வந்தார். வேளைக்கு இவ்வளவு என்று பல் பல்லாக வெட்டிய காகிதம் அதன் பக்கத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. அதற்குள் எறும்பை விட்டு, வாயில் துணியைத் திணித்தார்.

"இது அதுதானா தம்பி?"

"தெரியலண்ணே. இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

குடிசையில் அவர் மனைவி கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். பச்சை உடம்புக்காரி, எழுந்து வர முடியாது. உள்ளே இருந்தபடியே, "சீக்கிரம் போங்க, அந்த எறும்பு செத்துப்போயிரப் போவுது" என்றாள். காலைப் பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம். நடந்தோம்.

கப்பி ரோடு. முதல் நாள் மழையில் செம்மண் ஓரமெல்லாம் கரைந்திருந்தது. குழந்தை பாட்டிலைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தது. பேச மூச்சு போதாது. ஒவ்வொரு சொல்லாகச் சொல்லும்.

"அப்பா. இதுக்கு. மூச்சு முட்டாதா?"

"முட்டாது ஆத்தா. துணி வழியாக் காத்துப் போவும்."

"கொஞ்சம். எடுத்து விடு."

அவர் நின்று, துணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அப்புறம்தான் குழந்தை அவரை நடக்கவிட்டது.

பாதை பிரியும் விலக்கில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. தண்ணீர் கேட்க நின்றோம். ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் பஞ்சரான டயரை ஒட்டக் கொடுத்துவிட்டுப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, எறும்ப பாட்டில்ல அடைச்சு எங்கிட்டு ஊர்வலம்?" என்றான் கடைக்காரன்.

"எறும்புதான்டு ஒனக்குத் தெரியுதா?" என்று காவல்காரர் உடனே கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு அதுவே ஒரு சாட்சி.

கடைக்காரன் வாங்கிப் பார்த்தான். "எறும்புக்கு இம்புட்டு வயிறு ஏது? கொளவி. றெக்கை போன கொளவி. பெறகு கொட்டிருச்சுன்னு எங்கிட்ட வராதீங்க."

"கொளவி இல்ல. குடு பாப்போம்" என்றார் வாத்தியார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாட்டிலைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ராணி எறும்பு. அதுல சந்தேகம் இல்ல. மழை பேஞ்சா கூட்டை விட்டுப் பறந்து வரும். ஜோடி சேந்ததும் றெக்கையை உதுத்துட்டு முட்டை வைக்க எடம் தேடும். அப்பத்தான் உங்ககிட்ட மாட்டியிருக்கு."

காவல்காரர் முகம் தெளிந்தது. "தாய்தானுங்களே சார்?"

"தாய்தான். இனிமே தாய் ஆகப்போறது."

"முசுறுக்குத் தாய்தானுங்களே?"

வாத்தியார் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "அது சொல்ல முடியாதுப்பா. கூட்டுக்குள்ள புடிச்சிருந்தா, சுத்தி இருக்குற எறும்பப் பாத்து இன்னதுன்னு சொல்லிரலாம். வெளியில தனியாப் புடிச்சா கஷ்டம். ராணி ஒரு நெறமா இருக்கும், புள்ளைங்க வேற நெறமா இருக்கும். நான் புஸ்தகத்துல ரெண்டு மூணு படம் பாத்திருக்கேன். இது அதுல இல்ல."

"அப்ப எப்படித்தான் சார் தெரிஞ்சுக்கிறது?"

"இருட்டா ஒரு எடத்துல வெச்சு விட்டுரணும். முட்டை வைக்கும். அதுல பொறந்து பெருசாகி வாரது என்ன எறும்புன்னு பாத்தாத் தெரியும். ஒரு மாசம் போல ஆகும்."

"ஒரு மாசத்துக்கு அதுக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்றான் கடைக்காரன், டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே.

"யாரும் போட வேண்டாம். தன் ஒடம்புல உள்ளதக் கரைச்சே முதல் புள்ளைங்கள வளத்துரும்."

காவல்காரர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு மாசம் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். தோளில் குழந்தையின் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரனும் அதைக் கவனித்து விட்டான். கேலியை நிறுத்திக்கொண்டு, ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுக் குழந்தையை அதில் உட்கார வைக்கச் சொன்னான்.

"சார், வைத்தியரு இத இழுப்புக்கு மருந்தா அரைச்சுத் தாரேன்டு சொன்னாரு" என்றார் காவல்காரர். "ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒங்க புள்ளைன்னா இத அரைச்சுக் குடுப்பீங்களா?"

வாத்தியார் யோசித்தார். "நான் குடுக்க மாட்டேன்" என்றார். கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, "ஆனா குடுக்காம இருந்தா நல்லாயிரும்னும் என்னால சொல்ல முடியாதுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போங்களேன்" என்றார்.

"போயிட்டுத்தான் சார் இருக்கோம். ஊசி போட்டா நிக்கிது. வீட்டுக்கு வந்தா வருது. வந்து வந்து, ஒரு நாளைக்கி..."

நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

வைத்தியர் வீட்டை அடைந்தபோது உச்சிப் பொழுது தாண்டியிருந்தது. வைத்தியர் ஒல்லியான மனிதர், சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தார். பாட்டிலைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். இப்படி ஒன்றை நாங்கள் உண்மையாகவே கொண்டுவந்து நிற்போம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பச்சையால்ல இருக்கு?"

"அதாங்க கேக்க வந்தோம்."

"முசுறு செவப்பு. இது பச்சை. செவப்புக்குப் பச்சை எப்படித் தாயாகும்?"

"நீங்க பாத்திருப்பீங்களேய்யா" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார், காவல்காரரைப் பார்த்தார். மறைக்கவில்லை. "எங்கப்பா இந்த மருந்து செஞ்சு நான் ரெண்டு தடவை பாத்தேன். ரெண்டு தடவையும் அரைச்ச பெறகுதான் பாத்தேன்."

"அரைச்சப்ப என்ன நெறமா இருந்துச்சு?"

"மிளகு சேந்தா எல்லாம் கருப்புத்தான் தம்பி."

காவல்காரர் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குப் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு இன்னும் இறுகும். தொண்டைக்குக் கீழே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. "குடுத்துருங்கய்யா" என்றார். "எதுவா இருந்தாலும் குடுத்துருங்க."

வைத்தியர் அதற்கு இசையவில்லை. கட்டெறும்பு கடித்தே ஆள் வீங்கிப் போய்ப் படுத்ததைப் பார்த்தவர் அவர். இது வேறு எறும்பாக இருந்து, நெஞ்சு ஏற்கெனவே அடைத்திருக்கிற பிள்ளைக்குள் போய் வேலையைக் காட்டிவிட்டால் என்ன செய்வது என்றார். தாய் முசுறு கொண்டுவா என்று சொன்ன வாயால் இதைச் சொல்வது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சரி என்றாலும் எனக்குப் பயம், வேண்டாம் என்றாலும் பயம்.

அப்போது உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வைத்தியரின் மனைவி சொன்னார்: "இதுக்கு ஏன் இம்புட்டு ரோசனை? கொல்லையில நார்த்தை மரத்துல முசுறு கூடு கெடக்குல்ல. அங்க கொண்டுபோயி விடுங்க. பெத்தவள புள்ளைக்குத் தெரியாதா? தாயின்னா சூந்துக்கிட்டுக் கொஞ்சும். இல்லன்னா கடிச்சுத் தள்ளிரும். தெரிஞ்சுரும்ல?"

நாங்கள் மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையிலிருந்து யார் சொன்னதிலும் இல்லாத தெளிவு அதில் இருந்தது. வாத்தியார் சொன்ன ஒரு மாசம் இதில் இல்லை.

"போயிருச்சுன்னா?" என்றார் காவல்காரர்.

"நூலக் கட்டி விடுவோம்" என்றேன்.

பூக்கட்டும் நூல் வந்தது. எறும்பை விரலால் பிடித்து இடுப்பில் முடிச்சுப் போட்டது நான்தான். அது கடிக்கவில்லை. கால்களை மட்டும் மெதுவாக ஆட்டியது. குழந்தையும் பார்க்க வேண்டும் என்றது. அப்பா தூக்கிக்கொண்டார். நார்த்தையின் கீழ்க்கிளையில், முசுறுகள் சாரை சாரையாகப் போய்வந்துகொண்டிருந்த இடத்தில், அதை இறக்கினேன்.

இரண்டு முசுறுகள் நின்றன. முன்னால் இருந்தது தன் மீசையால் அதன் தலையைத் தடவிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தது வயிற்றைத் தடவியது. இன்னும் இரண்டு வந்தன.

"பாத்தீங்களா, கொஞ்சுது" என்றார் வைத்தியரின் மனைவி.

நான் நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் எல்லோரும் நம்பினோம். வைத்தியர் திரும்பி, "அம்மியக் கழுவு" என்று கூடச் சொல்லிவிட்டார்.

பிறகு ஒன்று காலைக் கவ்வியது. இன்னொன்று எதிர்ப்பக்கத்துக் காலைக் கவ்வியது. சாரையில் போன எல்லாம் திரும்பின. முசுறு எதைப் பிடித்தாலும் அப்படித்தான், சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து விரித்துப் பிடிக்கும். நான் நூலைச் சுண்டினேன். இடுப்பு அறுந்து முன்பாதி மட்டும் வந்தது, நாலைந்து முசுறுகளோடு. வயிற்றை அவை மேலே கூட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டன.

குழந்தைதான், "கொன்டுருச்சு" என்றது.

"அப்ப அது தாயில்ல" என்றார் வைத்தியரின் மனைவி. "நல்லவேளை குடுக்கல."

"நல்லவேளை" என்றார் வைத்தியர். காவல்காரரும் அதையே சொன்னார்.

அது உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியவந்தபோது பல வருஷம் ஓடிவிட்டது. குளத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். சுருண்ட இலை ஒன்றைப் பிரித்தபோது உள்ளே அதே பச்சை எறும்பு. அதன் வயிற்றைச் சுற்றிப் பொடிப் பொடியாகச் சின்னச் சிவப்பு முசுறுகள். பச்சைதான் சிவப்புக்குத் தாய். அந்தத் தோட்டத்திலேயே இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு கூட்டு முசுறு பக்கத்து மரத்து முசுறைக் கண்டால் விடாது. இனம் ஒன்றானாலும் கூடு வேறு என்றால் கிழித்துப் போட்டுவிடும். நாங்கள் அந்தத் தாயைக் கொண்டுபோய் விட்டது அதன் பிள்ளைகளிடம் அல்ல. அதற்கு அப்போது பிள்ளைகளே கிடையாது. பெத்தவளைப் பிள்ளைக்குத் தெரியும் என்பது மனுஷ வீட்டுக் கணக்கு. அதை மரத்தின் மேல் போட்டுப் பார்த்தோம். அரைத்துக் கொடுத்திருந்தால் இழுப்பு நின்றிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அது எனக்குத் தெரியாது. வைத்தியருக்கும் தெரியாது.

அன்று வைத்தியர் தேனில் திப்பிலிப் பொடியைக் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவினார். வெந்நீர் கொடுத்தார். முதுகைத் தடவினார். பொழுது சாயச் சாய விசில் குறைந்தது. எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. வைத்தியர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் கொறையிறது நல்லதில்ல. காத்தே போகலன்னு அர்த்தம். டவுனுக்குத் தூக்கிட்டு ஓடுங்க" என்றார். அவரே ஓடிப் போய், வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மாட்டு வண்டியை மறித்துப் பிடித்து வந்தார்.

வண்டியில் காவல்காரர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் பேசினார். "முதல்ல தடவிக் குடுத்துச்சே தம்பி. ரெண்டும் தடவிச்சே."

"ஆமாண்ணே."

"தெரியாததையா தடவும்?"

நான் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். குழந்தையின் உதடு மங்கியிருந்தது. விரலை அதன் மூக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர நான் செய்யக்கூடியது அந்த வண்டியில் ஒன்றும் இல்லை. வண்டிக்காரன் மாட்டை அடித்தான். மாடு அதற்கு முடிந்த அளவுதான் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கு ஏற்றும் நேரம். அவர்களுக்கு இந்தக் குழந்தையைத் தெரிந்திருந்தது. ஊசி போட்டார்கள். நர்ஸ் காவல்காரரைப் பார்த்து, "நாட்டு மருந்து என்ன குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் குடுக்கல."

"நெசமாவா?"

"ஒண்ணுமே குடுக்கலம்மா" என்று சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராதது. நர்ஸுக்கு அது ஏன் என்று புரியவில்லை. கொடுத்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

விடிந்தபோது குழந்தை தலையணையை அணைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. விசில் திரும்ப வந்திருந்தது. இப்போது அது எங்களுக்கு நல்ல சத்தமாகக் கேட்டது. டாக்டர் நடந்துகொண்டே சொன்னார்: நெஞ்சு அப்படி. வரும், போகும். சிலதுக்குப் பெரிசானால் விட்டுவிடும், சிலதுக்கு விடாது. இன்னும் சில நாள் படுக்கையில் இருக்கட்டும்.

காவல்காரர் தோப்புக்குப் போயாக வேண்டும். வீட்டில் மனைவி தனியாக, கைக்குழந்தையோடு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருப்பாள். "சாயங்காலம் மாமியாரக் கூட்டிக்கிட்டு வந்திர்றேன் தம்பி. அதுவரைக்கும் இங்கிட்டு இருப்பீங்களா? ஆளக் கேட்டுக் கூப்புட்டா யாராச்சும் வேணும்ல."

"போங்கண்ணே. நான் இருக்கேன்."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "இன்னொண்ணு கெடைக்குமா?"

"பாக்குறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முந்தின நாள் காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு மேஸ்திரி விறகு பிளக்க ஆள் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். நான் பிளப்பேன் என்றேன். என் கையைப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கி இருப்ப? உன்ன மாதிரி ஆளு சோத்தத் தின்னுட்டு மறுநா ஓடிருவான்."

அதுவரை அந்தக் கேள்விக்கு எங்கேயும் ஏதாவது ஒரு பொய் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அன்றைக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"புள்ளைங்க வார்டுல ஒரு பொண்ணு இருக்கு. அது வீட்டுக்குப் போற வரைக்கும்" என்றேன்.

"ஒன் தங்கச்சியா?"

"இல்ல."

அவர் மதிலோரத்தைக் கைகாட்டினார். அங்கே புளியங்கட்டைகள் குவிந்து கிடந்தன. அங்கிருந்து வார்டு ஜன்னல் தெரிந்தது, உள்ளே இருப்பது தெரியவில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டேன். கூப்பிட்டால் கேட்கட்டும் என்று இரண்டு வெட்டுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பிளந்தேன்.